மேடே இல்லாத நாடு

நான் தங்கியிருந்த, மலையடிவாரச் செங்கம் சாலை விடுதியில் சமைத்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். வேலை முடிந்ததும் கைப்பேசியில் பசிபிக் கடலைப் பெரிதாக்கி, துவாலு என்ற குட்டித் தீவு நாட்டைத் தேடுவார். விடுதியில் தங்கிய அந்நாட்டுப் பெண் அவரை அழைத்திருந்தாளாம். பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டார்.

“அவ்ளோ தூரம் எதுக்கும்மா?” என்றேன்.

“நம்ம மலையப் பாத்ததும் அந்தப் பொண்ணு அழுதுட்டா சார். அவங்க ஊர்ல மேடே இல்லையாம். கடல் உள்ள வந்தா ஏறி நிக்க எடமில்லனு சொன்னா. நம்ம ஊரப் பாக்க அவ வந்தா. அவ ஊரு இருக்கும்போதே நான் போய்ப் பாக்க வேணாமா?”

நான் ஊர் திரும்பும் நாளில், டிக்கெட் போட்டாயிற்று என்று சிரித்தார். ஒரு நாட்டையே உறவாக நினைத்து, அதைப் பார்க்கக் கிளம்பியவரை வேறெங்கும் நான் சந்திக்கவில்லை.