அவிழாத லேஸ்

இந்த ஊரில் பழக ஆரம்பித்த இரண்டாம் நாளே கேட்டுவிடுவார்கள்: இறாலா, இலிஷா? வந்த புதிதில் சாப்பாட்டு விஷயம் என்று நினைத்துக்கொண்டு, "ரெண்டும் தொடமாட்டோம், சைவம்" என்றேன். கேட்டவர் என்னைத் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி பார்த்தார். விஷயம் கால்பந்து. கல்கத்தாவின் இரண்டு பெரிய அணிகளில் ஒன்று ஜெயித்தால் அதன் ஆட்கள் வீட்டில் இறால் வேகும், மற்றது ஜெயித்தால் இலிஷ் மீன். லேக் மார்க்கெட்டுக்கு நான் முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் வாங்கப் போகும்போது, மீன் கடையில் எந்தப் பக்கம் கூட்டம் என்று பார்த்தே ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொள்ளலாம். எங்கள் லேக் கார்டன்ஸ் கட்டடத்தில் மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் வேறு வேறு மீன். ஆட்டத்துக்கு மறுநாள் மாடிப்படியில் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நடுவீட்டுக்காரனான என்னிடம் மட்டும் இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

எந்த மீனும் சாப்பிடாதவன் என்பதுதான் எனக்கு ஆபீஸில் ஒரு பதவியையும் வாங்கிக் கொடுத்தது. மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மாற்றலாகி இங்கே வந்தவன் நான். எங்கள் ஆபீஸுக்கு ஒரு கால்பந்து அணி உண்டு. வருடாவருடம் விளையாட்டு ஒதுக்கீட்டில் இரண்டு மூன்று பையன்களை வேலைக்கு எடுப்பார்கள். குளிர்காலத்தில் கல்லூரி அணிகள் மைதானத்தில் மோதும்போது மூன்று பேர் கமிட்டி போய் உட்கார்ந்து, யார் தேறுவான் என்று பாரத்தில் மார்க் போட வேண்டும். கமிட்டித் தலைவர் மஜும்தார்தா, அதாவது மஜும்தார் அண்ணா, இறால் கட்சி. இன்னொருவர் இலிஷ். இவர் கை காட்டினவனை அவர் கழிப்பார், அவர் தூக்கினவனை இவர் இறக்குவார். கடைசியில் மஜும்தார்தா என் மேஜைக்கு வந்து, "பிள்ளை பாபு, நீங்க காலேஜ்ல ஆடினவர். மீனும் சாப்பிடறதில்ல. நீங்க வந்துடுங்க" என்றார். அன்றிலிருந்து என் மார்க்தான் முடிவு.

பாரத்தில் வேகம், பந்தை அடக்குவது, இரண்டு காலாலும் அடிப்பானா, தலையால் முட்டுவது, தம், குணம் என்று கட்டங்கள் இருக்கும். மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள். நான் பந்து இல்லாத ஆளைப் பார்ப்பேன். பந்தைக் கொடுத்த பிறகு என்ன செய்கிறான், தப்பு நடந்தால் யாரைப் பார்த்துக் கையை நீட்டுகிறான், தாண்டிக் குதித்தால் எந்தக் காலில் இறங்குகிறான், இதெல்லாம்தான் எனக்கு வேண்டும். அப்படித்தான் தபனைப் பார்த்தேன். இரண்டாம் வருட பி.காம். இடது ஓரத்தில் ஆடுகிறவன். டாலிகஞ்சில் வீடு. அப்பா கிடையாது, அம்மா சினிமா ஸ்டூடியோவில் உடை தைக்கிறவர். பந்து அவன் காலுக்கு வந்தால் மைதானத்தில் வேர்க்கடலை கொறிப்பவர்கூட வாயை மூடிவிடுவார். அப்படி ஒரு ஆட்டம்!

மூன்றாவது ஆட்டத்தில்தான் அதைக் கவனித்தேன். நீளமாக ஒரு ஓட்டம் ஓடி முடித்தால் தபன் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவான். ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் விட்டுவிடலாம். ஒரே பாதியில் ஐந்து முறை. இடைவேளையில் தண்ணீர் குடிக்க எங்கள் பக்கம் வந்தபோது அவன் காலைப் பார்த்தேன். லேஸை ஷூவுக்கு அடியில் சுற்றி, இரட்டை முடிச்சுப் போட்டு, மேலே டேப்பும் ஒட்டியிருந்தான். பிடித்து இழுத்தால்கூட அவிழாது. அதற்குப் பிறகு நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் நான் கல்லூரி அணியில் தடுப்பாட்டக்காரன். எங்கள் சென்டர் பார்வர்டு டேனியல். அவனும் இப்படித்தான், ஓடிவிட்டுக் குனிந்து லேஸைக் கட்டுவான். "ஏல டேனியலு, ஒரு நல்ல லேசு வாங்குல, கஞ்சப்பயலே" என்று நாங்கள் பத்துப் பேரும் கேலி செய்வோம். அவனும் சிரிப்பான். ஒரு நாள் சாயங்காலம், பயிற்சி ஆட்டம், எனக்குப் பத்தடி தள்ளிக் குனிந்தான். நான் வழக்கம்போல அதே கேலியைச் சொன்னேன். அவன் நிமிரவில்லை. மண்ணில் முகம் படச் சாய்ந்தவனைப் புரட்டியபோது அவன் விரல்கள் லேஸைப் பிடித்தபடியே இருந்தன. நெஞ்சில் பிறவியிலிருந்தே கோளாறு என்று பிறகு டாக்டர் சொன்னார். மூச்சு முட்டுவதை யாருக்கும் காட்டக்கூடாது என்று அவன் லேஸைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அதற்குச் சிரித்திருக்கிறேன்.

தபனின் பாரத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் மனைவி சிவகாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க என்ன டாக்டரா? நெஞ்சுல கோளாறுன்னு ஆபீஸ் பைல்ல எழுதிட்டீங்கன்னா அந்தப் பிள்ளைக்கு எவன் வேல குடுப்பான், எவன் பொண்ணு குடுப்பான்? அவன் வாயில மண்ணப் போட்டுராதீங்க" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆட்களைக் கழிக்க எங்களுக்கு இதமான வழிகள் இருந்தன. மற்ற எல்லாக் கட்டத்திலும் எட்டும் ஒன்பதும் போட்டேன். 'தம்' என்ற கட்டத்தில் மூன்று. குறிப்பில், 'முழு ஆட்டத்துக்குத் தம் போதாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயரும் கெடவில்லை, ஆட்டமும் இல்லை, பையன் பிழைத்தான் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

மாசி மாதம் பட்டியல் வந்தது. தபன் பெயர் இல்லை.

கோடை தொடங்கியபோது ஒரு நாள் விடியற்காலை வீட்டுக்குப் பக்கத்து ஏரியான லேக்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். யாரோ என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து குனிந்து என் காலைத் தொட்டான். தபன். முகமெல்லாம் வியர்வை. சித்தப்பா என்பதற்கு இங்கே காகு.

"காகு, உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். மஜும்தார்தா எல்லாம் சொன்னாரு. மத்ததுல குறையே இல்ல, தம் மட்டும்தான்னு. இப்ப ரெண்டு ரவுண்டு ஓடறேன். துர்கா பூஜைக்குள்ள அஞ்சு. அடுத்த செலக்‌ஷன்ல நீங்களே பாருங்க."

நான் எழுதிய மூன்று என்ற எண்ணை அவன் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டான்! கழித்துக் கட்டுவதற்காக எழுதியதை, ஓடு என்று சொன்னதாக நினைத்திருக்கிறான். என் ஓட்டை பெங்காலியில், "ஓடாதே, போதும்" என்றேன். அவன் சிரித்தான். "போதாது காகு, போதாது. நீங்கதானே எழுதினீங்க!" ஆசீர்வாதம் பண்ணுங்கள் என்று மறுபடியும் குனிந்தான். அந்தத் தலையில் வைக்காமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு டாலிகஞ்சுக்கு அவன் அம்மாவைப் பார்க்கப் போனேன். தையல் மெஷின் மேல் ஏதோ ராஜா உடை பாதியில் கிடந்தது. சந்தேஷ் இனிப்பும் டீயும் கொடுத்து, ஊறவைத்த கொண்டைக்கடலையைக் காட்டி, "உங்க புண்ணியத்துல ஒழுங்கா சாப்பிடறான்" என்றார். அவனுக்கு எப்போதாவது நெஞ்சு வலிக்குமா என்று கேட்டேன். "ஆமா, கேஸ். பொரிச்சது சாப்பிட்டா வரும். ஜோவான் வாட்டர் குடுப்பேன்" என்று ஓமத் தண்ணீர் பாட்டிலைக் காட்டினார். கல்கத்தாவில் நெஞ்சுவலி என்ற ஒன்றே கிடையாது. எல்லாம் கேஸ். எங்கள் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவை ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட அவர் கேஸ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். அந்த அம்மாள் தலையை ஆட்டி, இன்னொரு சந்தேஷ் வைத்தார்.

வேறு வழியில்லாமல் மறுநாள் லேக்கில் தபனை நிறுத்தி உள்ளதைச் சொல்லிவிட்டேன். டேனியலைச் சொன்னேன், லேஸைச் சொன்னேன். அவன் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"அப்ப பாரத்துல ஏன் தம்னு எழுதினீங்க?"

"உன் பேரு கெட்டுடக்கூடாதுன்னு."

"அது பொய்யா, இது பொய்யா?"

டாக்டரிடம் காட்டலாம் வா என்றேன். பேட்டை டாக்டரிடம் ஏற்கெனவே சர்ட்டிபிகேட் வாங்கிவிட்டதாகச் சொன்னான். அவர் ரத்த அழுத்தம் பார்த்து நல்ல உடம்பு என்று எழுதியிருக்கிறார். "அடுத்த வருஷமும் என்னைக் கழிக்கணும், அதுக்குத்தானே காகு? வேற யாருக்கு இடம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு ஓடத் தொடங்கினான். அதன் பிறகு பேசவில்லை. என்னைத் தாண்டும்போது மட்டும் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டுவான். தம் இருக்கிறதாம், எனக்குக் காட்டுகிறானாம். அதைப் பார்க்கும்போது கோபத்தில் எனக்கே மூச்சு முட்டும்.

அன்றிலிருந்து நான் நடப்பதை விட்டுவிட்டேன். விடிந்ததும் கரையோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்து அவன் சுற்றுகளை எண்ணுவது ஒன்றே வேலை. லேக்கின் மறுகரையில் மரங்கள் அடர்ந்த ஒரு பகுதி உண்டு. அங்கே போனால் ஆள் தெரியாது. அவன் அந்த மரங்களுக்குள் நுழைந்து வெளியே வரும்வரை நான் எண்ணுவேன். நூற்று இருபதில் வந்துவிடுவான். ஆவணியில் அது நூற்று நாற்பது ஆனது. போன வாரம் நூற்று எழுபது.

இதற்கு நடுவில் சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இனி வராது என்று விட்டுவிட்டபோது வந்தது. மெட்ராஸிலிருந்து ரயில் ஏறினவன் சென்னையில் இறங்கப் போகிறேன். சிவகாமிக்குத் தரையில் கால் பாவவில்லை. மேல் வீட்டுக்காரரும் கீழ் வீட்டுக்காரரும் சேர்ந்து நின்று பெட்டி கட்ட உதவினார்கள். தெருமுனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை டிக்கெட்.

"அங்க போயும் விடிய முன்ன எந்திரிச்சு எவனையாவது எண்ணப் போறீங்களா?" என்று நேற்றுக் கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். பிறகு, "நீங்க போயிட்டா அந்த பெஞ்சுல யாருங்க உக்காருவா?" என்று அவளே தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டுப் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றினாள்.

இன்று காலை போனேன். நேற்று பெய்த மழையில் பாதை முழுவதும் சேறு. தபன் ஷூ இல்லாமல் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தான். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. மூன்றாவதில் மரங்களுக்குள் நுழைந்தான். நான் எண்ணினேன். நூற்று எழுபது தாண்டியது. இருநூறு. எழுந்து நின்றுவிட்டேன். இருநூற்று இருபதில் வெளியே வந்தான். வேகத்தைக் கூட்டவில்லை. என் பெஞ்சுக்கு முப்பதடி இருக்கும்போது நின்று, குனிந்தான். இரண்டு கையும் இடது பாதத்துக்குப் போயின. விரல்கள் எதையோ இழுத்து, சுற்றி, முடிச்சுப் போட்டன.

ஐம்பது வயதுக்கு மேல் நான் ஓடியது அதுதான் முதல் தடவை. போய்த் தோளைப் பிடித்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஒண்ணுமில்ல காகு, லேஸ்..." என்றவன் நிறுத்திக்கொண்டான்.

இரண்டு பேரும் அவன் வெறுங்காலைப் பார்த்தோம்.

கைத்தாங்கலாகப் பெஞ்சுக்குக் கூட்டிப் போனேன். மூச்சு அடங்கிய பிறகு என்னைப் பார்க்காமல், "எங்க போகணும் காகு?" என்று கேட்டான். அவனைப் பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டு மெயின் ரோட்டு பூத்திலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஆளை இப்போதே கூட்டி வருகிறேன் என்றேன். நெஞ்சுப் பரிசோதனைக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், புதன்கிழமைக்கு முன் இடமே இல்லை, விழுந்தால் மட்டும் எமர்ஜென்சிக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். நல்லா இருக்கிறது நியாயம்! புதன்கிழமைக்கே பெயரைப் பதிந்துகொண்டேன். அதுவரை ஓடமாட்டேன் என்று அவன் அம்மாவின் தலைமேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, டாலிகஞ்சில் வீட்டுக்குள் விட்டுவிட்டு வந்தேன். அந்த அம்மாள் இந்தத் தடவை ஓமத் தண்ணீரை எடுக்கவில்லை.

சிவகாமியிடம் போய்ச் சொன்னேன். கட்டி வைத்த ஒரு பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, என் இரண்டு சட்டைகளையும் ஷேவிங் செட்டையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி இறுக்கிக் கட்டினாள். அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் என் பெயரும் சென்னை விலாசமும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஹவுராவில் அவளையும் அந்தப் பெட்டியையும் ரயில் ஏற்றிவிடுவேன். சென்னையில் அதை இறக்கிக்கொள்ள மைத்துனன் வருவான். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நான் டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் நிற்பேன், தபன் நடந்து வருகிறானா ஓடி வருகிறானா என்று பார்த்துக்கொண்டு.