அளவு ஜாக்கெட் இல்லாமல்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் என் தையல் கடைக்கு வருகிற பெண்கள் வாசலில் செருப்பை விடும்போதே கையில் ஒரு பழைய ஜாக்கெட் இருக்கும். பேப்பரில் சுற்றியோ, மஞ்சள் பையில் மடித்துப் போட்டோ கொண்டுவருவார்கள். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். அதைப் புதுத் துணியின்மேல் விரித்து, ஓரத்தை ஒட்டிச் சாக்பீஸால் கோடு இழுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. "இதவிட கை ஒரு விரல் எறக்கமா இருக்கட்டும்க்கா", "போன தடவ முதுகு ரொம்ப எறங்கிடுச்சு, மாமியார் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டாங்க." எங்களுக்குள் பேச்சே இவ்வளவுதான்.

இப்படியே பல வருஷம் ஓடியது. ஒரு பெண்ணின் உடம்பில் நான் இஞ்ச் டேப்பை வைத்ததே கிடையாது. எங்கள் தெருப் பெண்களுக்கும் அது பிடிக்காது, எனக்கும் கூச்சம். ஆனாலும் டேப் எந்நேரமும் என் கழுத்தில் தொங்கும். டாக்டர் கழுத்தில் குழாய் தொங்குகிற மாதிரி, பார்க்கிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை வரட்டுமே என்றுதான்.

யாராவது சுடிதார் துணி கொண்டுவந்தால் "அது நம்ம வேல இல்லம்மா" என்பேன். ஆண்கள் சட்டை என்று வாயைத் திறந்தால் அடுத்த தெருவுக்குக் கையைக் காட்டுவேன். தெரிந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிறேன், தெரியாததைத் தொடுவதில்லை, இதில் என்ன குறை என்று எனக்குப் பெருமை வேறு.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பெருமைக்குக் கேடு வந்தது. எங்கள் தெருப் பெண் பிள்ளைகள் படித்துவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொள்ளச் சுடிதார்தான் வசதி. அதையும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ரெடிமேடாகவே வாங்கிக்கொண்டார்கள். சேலை கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் என்று ஆனது. தீபாவளிக்கு முன்னால் கடையில் துணி குவியும். மற்ற மாதங்களில் மெஷின்முன் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ஃபிட்டர். எதையும் ஒரே பேச்சில் முடிக்கிற மனிதர்.

"ஓசூர் ரோட்டுல கார்மெண்ட்ஸ்ல ஆள் எடுக்கறாங்க. முக்குலயே பஸ் வந்து நிக்குது. மாசம் பொறந்தா சம்பளம். இந்தக் கடைய எதுக்குக் கட்டிக்கிட்டு அழற?"

கார்மெண்ட்ஸுக்குப் போகிற பெண்கள் என் கடைக்கும் வருவார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருத்தி காலரை மட்டும் தைப்பாள், இன்னொருத்தி பாக்கெட்டை மட்டும். உழைத்துச் சாப்பிடுகிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் துணியை வெட்டுவதிலிருந்து கொக்கி வைப்பதுவரை ஒரு ஜாக்கெட் முழுவதும் என் கையால் ஆகிப் பழக்கம். என் கடையில் டீ குடிக்கத் தோன்றினால் எழுந்துபோய்க் குடிப்பேன், யாரையும் கேட்க வேண்டாம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில், உகாதிவரை பார்ப்பது, அதற்குள் வேலை பிடிக்காவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டு அந்த பஸ்ஸில் ஏறுவது என்று முடிவாயிற்று.

எதிர்வீட்டுப் பெண் தொம்மலூர்ப் பக்கம் கட்டி முடித்துத் திறக்கவிருந்த ஒரு புது ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். ஒருநாள் சாயங்காலம் வந்து கடைப் படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க ஹோட்டல்ல ரிசப்ஷன் பொண்ணுங்களுக்கு யூனிஃபார்ம் தைக்கணுமாம். டெய்லர் தேடறாங்க. உன்னப் பத்திச் சொல்லிட்டேன்."

"இன்னா யூனிஃபார்ம்?"

"கோட்டு. முழுக்கை, காலரு, எல்லாம் வச்சு."

"எனக்குக் கோட்டு வராதுன்னு சொல்லிடு."

"நீயே வந்து சொல்லு. சொன்னது நான், அப்புறம் எனக்குத்தான் பேஜாரு."

ஆக, அந்த ஹோட்டலுக்கு நான் முதன்முதலில் போனது வேலை கேட்க அல்ல, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர. இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். மேனேஜரம்மா கன்னடக்காரர். அவர் அறையில் எனக்கு முன்னாலேயே ஒரு பெரிய கடை டெய்லர் துணி மாதிரிகளைப் பரப்பிவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஜாக்கெட் தைக்கறவங்களா? கோட்டு வேல பெரிய வேல, தாயி. இது பேடா உங்களுக்கு."

பேடா என்றால் கன்னடத்தில் வேண்டாம். நான் சொல்ல வந்ததும் அதேதான். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வேண்டாம் என்று நான் சொல்லலாம். எனக்காக அவர் எப்படிச் சொல்லலாம்? மேனேஜரம்மாவிடம் திரும்பி, ஒரு கோட்டு தைத்துக் காட்டுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று கன்னடத்தில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது.

ரிசப்ஷனுக்கு எடுத்திருந்த பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டு எனக்குக் காட்டினார்கள். வடகிழக்கிலிருந்து வந்த பெண், கன்னடத்தை அப்போதுதான் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பழக்கதோஷத்தில் அளவுக்கு ஜாக்கெட் கேட்டேன். அவள் பிறந்ததிலிருந்து ஜாக்கெட்டே போட்டதில்லை. தனக்குக் கச்சிதமாக இருக்கிற ஒரு டீ ஷர்ட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பனியன் துணி இழுத்தால் வரும், கோட்டுத் துணி வராது. தையல் பள்ளியில் முதல் நாள் சேர்ந்த பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் எனக்கு அளவு என்றாலே மேசைமேல் கிடக்கிற துணியின் ஓரம்தான். கண் ஓரத்தைப் பார்த்தது, கை கோடு போட்டது, நானும் ராஜகம்பீரமாகத் தைத்து முடித்தேன்.

ஹோட்டல் ரிசப்ஷனில் போட்டுப் பார்த்தபோது அந்தப் பெண் படம் மாதிரி நின்றாள். மேனேஜரம்மா முகத்தில்கூடச் சிரிப்பு வந்தது. "எங்கே, விருந்தாளி வந்தால் எப்படி வரவேற்பாய்?" என்று அவளைக் கேட்டார். அவள் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். முதுகில் பர்ரென்று ஒரு சத்தம். அக்குளில் இன்னொன்று. கையை இறக்கினால் இன்னும் கிழியுமோ என்று பயந்து, கும்பிட்ட கையோடு அப்படியே நின்றாள். சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்றைக்கும் வந்திருந்த பெரிய கடை டெய்லர் ஜன்னல்பக்கம் திரும்பிக்கொண்டார். அவரும் சிரித்திருந்தாலே தேவலை.

"ஆகல்ல," என்றார் மேனேஜரம்மா. இது சரிப்படாது என்று அர்த்தம்.

காதெல்லாம் சூடாகி, பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து மெதுவாக, "சாரி ஆன்ட்டி" என்றாள். கிழிந்தது நான் தைத்த கோட்டு, சாரி சொல்கிறவள் அவள். அதற்குமேல் எனக்கு வெட்கப்படக்கூட மனமில்லை. கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றினேன். "அப்படியே நில்லும்மா" என்று அத்தனை பேர் முன்னாலும் அவள் தோளில் வைத்தேன்.

அளவெடுக்கத் தெரியாததால், இங்கேதான் எடுக்க வேண்டும் என்ற முறையும் எனக்குத் தெரியாது. அதனால் அவளை அவள் வேலையைச் செய்யச் சொன்னேன். கும்பிடச் சொல்லி முதுகை அளந்தேன். ஃபோனை எடுக்கச் சொல்லி, ரிசப்ஷன் பின்சுவரில் மாட்டியிருந்த மேல்வரிசைச் சாவியை எட்டி எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் அளந்தேன். உடம்பு அசையும்போது முதுகு இவ்வளவு அகலமாகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவ்வளவு காலமாக அசையாத துணிக்கே தைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இன்னொரு கோட்டு கொண்டுவாங்க, திங்கக்கிழமை காலைல. அதுதான் கடைசி," என்றார் மேனேஜரம்மா. பெரிய கடைக்காரரும் அன்றைக்கே தன் கோட்டைக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

ஞாயிறன்று சண்டே பஜாரில் நடைபாதையில் குவித்து விற்கிற பழைய துணிகளுக்குள் கைவிட்டு ஒரு கோட்டைப் பிடித்தேன். கடைக்கு வந்து அதைப் பிரிக்க ஆரம்பித்தேன். காலருக்குள் விறைப்பாக ஒரு துணி, தோளுக்குள் பஞ்சு, கைக்குள் வழுவழுப்பான லைனிங். வெளியே தெரியாத இடத்தில்தான் கோட்டு முழுவதும் இருந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எவனோ போட்ட கோட்ட வாங்கினு வந்து கிழிச்சினு இருக்கியே, உனக்கு இன்னா ஆச்சு?"

"உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்கறேன்."

குனிந்து காலரைப் புரட்டிப் பார்த்தார். "எங்க ஃபேக்டரிக்குப் புது மெஷின் வந்தா நாங்களும் மொதல்ல இப்படித்தான் கழட்டுவோம்," என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, பிளேடை எடுத்துக் கோட்டின் இன்னொரு கையைப் பிரித்தார். கார்மெண்ட்ஸ் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பெரிய பலமாக இருந்தது.

கோட்டின் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை அந்தப் பழைய கோட்டிலிருந்து எடுத்தேன். கை தூக்கினால் கிழியாமல் இருப்பதற்கு யாரிடமும் போகவில்லை. வீட்டுவேலைக்குப் போகிற பெண்களுக்கு ஜாக்கெட் தைக்கும்போது அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துண்டு கூட்டித் தைப்பேன். குடம் தூக்கவும் துணி பிழியவும் கை தாராளமாகப் போகும், வெளியே பார்த்தால் தெரியாது. அதையே கோட்டிலும் வைத்தேன்.

திங்கட்கிழமை பெரிய கடைக்காரரின் கோட்டுதான் முதலில். பொய் சொல்ல மாட்டேன், அழகான கோட்டு, காலர் கத்தி மாதிரி நின்றது. அந்தப் பெண் கும்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. பிறகு மேல்வரிசைச் சாவிக்குக் கையை நீட்டினாள். கோட்டின் கை முழங்கையருகே ஏறியது, முன்பக்கம் முழுவதும் மேலே தூக்கிக்கொண்டு பட்டன்கள் இழுத்தன. கையை இறக்கி, எல்லாவற்றையும் இழுத்துவிட்டுச் சரிசெய்தாள். அடுத்த சாவிக்கும் அதே கதை.

என் கோட்டைப் போட்டாள். கும்பிட்டாள். ஃபோனை எடுத்தாள். மேல்வரிசைச் சாவியை எடுத்தாள், திருப்பி மாட்டினாள். கோட்டு அது பாட்டுக்கு இருந்தது. யாரும் கேட்காமலேயே அவள் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். பெண்கள் கைதட்டினார்கள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளாமல் நின்றேன். பெரிய கடைக்காரர் எழுந்துவந்து, அவளைக் கேட்டுக்கொண்டு, கைப்பக்கத்தைத் தூக்கி அந்தச் சதுரத் துண்டைத் தடவிப் பார்த்தார். "ஜாக்கெட் வேலையா இது?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு தன் பையை மடித்தார்.

இப்போதெல்லாம் சிறுதொழில் செய்கிற பெண்கள் கூட்டங்களில் என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். எப்படி தைரியம் வந்தது என்று தவறாமல் கேட்பார்கள். வரவேயில்லை என்பேன். தைரியம் வந்த பிறகு கிளம்பலாம் என்று இருந்தால் இன்றைக்கும் மெஷின்முன் ஈதான் ஓட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு வந்தது கோபம், அதை வைத்து ஒப்பேற்றினேன். உங்களுக்கு எது வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். தெரிந்த வேலை கூடவே வரும், போன இடத்தில் அதுதான் கைகொடுக்கும்.

அந்தத் திங்கட்கிழமையே எல்லாப் பெண்களின் கோட்டும் எனக்கே என்று மேனேஜரம்மா சொன்னார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பிய என்னை வாசலருகே நிறுத்தினார்.

"கதவு திறக்கிற ஆட்கள், பெட்டி தூக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆண்கள் கோட்டும் தைப்பீர்களா?"

அடுத்த தெருவைக் காட்ட அங்கே தெரு இல்லை. "தைப்பேன் மேடம், அளவெடுக்க எப்ப வரட்டும்?" என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஃபேக்டரியிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை நான்.

"கையத் தூக்குங்க."

"இன்னாத்துக்கு?"

"ஆம்பள அளவு எடுத்துப் பழகணும். திரும்புங்க."

திரும்பினார். நெஞ்சைச் சுற்றி டேப்பைப் போட்டபோது கூச்சத்தில் நெளிந்துகொண்டே சிரித்தார். அந்த வருஷம் உகாதிக்கு என் கடையில் இன்னும் இரண்டு மெஷின் ஓடியது. கார்மெண்ட்ஸ் பஸ் இன்றுவரை நான் இல்லாமல்தான் போகிறது.