ஃபர்னஸுக்கு வேட்டி கட்டியவர்கள்

ஹீட்டிங் ரிப்பேர் என்பது, வீட்டுக்காரருக்குப் பல் கிடுகிடுக்கும் நேரத்தில் மட்டும் மரியாதை கிடைக்கும் தொழில். வீடு சூடாகிவிட்டால் நாம் யாரோ, அவர்கள் யாரோ.

நான் கோவையில் பாலிடெக்னிக் படித்தவள். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்து, கிரீன் கார்டு கைக்குக் கிடைத்ததும் பிஸ்கட்டவேயில் ஒரு சின்ன ஹீட்டிங் கம்பெனியில் சேர்ந்தேன். இரண்டாயிரமாம் வருஷம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பும் என்று பயந்து நடந்த ஒய்டூகே வேலைக்காக நம் ஆட்கள் விமானம் விமானமாக வந்து இறங்கிய வருஷங்கள் அவை. தமிழ் பேசுகிற மெக்கானிக் நான் ஒருத்திதான் என்பதால் நம்மவர் வீடுகள் எல்லாம் என் தலையில் விழுந்தன. நல்லதைச் சொல்லித் திட்டு வாங்குகிறவர்கள் டாக்டரோ, வாத்தியாரோ, டிரைவிங் சொல்லிக் கொடுப்பவரோ, யாராக இருந்தாலும் சரி, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னோடு சேர்ந்து நீங்களும் இரண்டு வார்த்தை திட்டலாம்.

வாசலில்

எங்கள் காலனி பிரேமாக்கா வீட்டில், வீட்டைச் சூடாக்குகிற கேஸ் ஃபர்னஸ் பற்றுவதும் உடனே அணைவதுமாக இருந்தது. கதவைத் திறந்த அவர் கணவர் ரகு, என்னைத் தாண்டி என் வேனைப் பார்த்தார். மெக்கானிக் இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துவிட்டார். நான் டூல் பெட்டியோடு உள்ளே போன பிறகும் கதவைச் சாத்தாமல், வராத ஆம்பளைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். என் கணவருக்கு வீட்டில் பல்பு மாற்றவே நான் வேண்டும். அதை இவரிடம் சொல்லி என்ன பயன்?

ஃபர்னஸ் ஒரு சந்தேகப் பிராணி. சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் "குளிருது" என்று சொன்னவுடன் அது கேஸை நம்பித் திறந்துவிடாது. பற்றவைக்க ஆள் தயாரா, பற்றியது நிஜமாகவே எரிகிறதா என்று பார்க்கும். தீ கண்ணுக்குப் படவில்லை என்றால் சில நொடியில் கேஸை மூடிவிடும். மூடாவிட்டால் எரியாத கேஸ் சேர்ந்து, வீடு இருந்த இடத்தில் பள்ளம்தான் இருக்கும். இவர்கள் வீட்டில், தீ இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கம்பியில் அழுக்குப் படிந்திருந்தது. தேய்த்து மாட்டினேன். ஒழுங்காக எரிந்தது. சூடு ஏறியதும் ரகு கோட்டைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "ரொம்ப தேங்க்ஸ்ங்க. எதுக்கும் சண்டே உங்க ஹஸ்பண்டை வரச் சொல்லி ஒரு தடவை செக் பண்ணிடுங்க."

இட்லி ரகசியம்

அந்தக் கண்றாவியையும் அதே வீட்டில்தான் பார்த்தேன். எங்கள் பக்கத்து டவுன்ஹவுஸ்களில் ஃபர்னஸ் ஒரு அலமாரி மாதிரி சின்ன அறைக்குள் இருக்கும். அந்த அறைக் கதவில் காற்று போக வரிவரியாக இடைவெளி விட்டிருப்பார்கள். பிரேமாக்கா வீட்டில் அந்த இடைவெளி முழுக்க ரகுவின் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்திருந்தது. உள்ளே, ஃபர்னஸை ஒட்டினாற்போல் ஒரு பெரிய எவர்சில்வர் பாத்திரம். மூடியைத் தூக்கினால் இட்லி மாவு, நுரைத்துப் பொங்கி நிற்கிறது. ஜனவரி மாதத்து நியூ ஜெர்சியில் மாவு புளிக்காமல் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடுகிற பாட்லக்கில் பிரேமாக்கா இட்லி மட்டும் பூப்போல இருந்ததன் ரகசியம் இதுதான்.

"ஏனுங்கக்கா, அந்தக் கதவுல இருக்கற ஓட்டைதான் ஃபர்னஸுக்கு மூக்கு. மூக்கை அடைச்சா நம்மளே மூச்சு முட்டிச் சாவோம், தீ மட்டும் எப்படிங்க எரியும்?" என்றேன். காற்று போதாமல் எரிகிற தீயில் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போக வேண்டிய புகை, வீட்டுக்குள்ளேயே திரும்பி இறங்கும். கேஸ் கசிந்தால் மூக்கைத் துளைக்கிற நாற்றம் வருகிறதே, அது நமக்குத் தெரியட்டும் என்று கேஸ் கம்பெனிக்காரன் கலந்து வைத்தது. இந்த விஷத்துக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. இவ்வளவையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பிரேமாக்கா பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீ சொல்றது கரெக்ட்தான் மல்லிகா. ஆனா மாவு பொங்கலைன்னா இட்லி கல்லு மாதிரி வரும், அதை நீயா சாப்பிடுவே?"

சிஸ்டம் சரியில்லை

அந்த அம்மாள் ரகசியத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாலாவது ஒரு வீட்டோடு போயிருக்கும். புதிதாக வந்த பெண்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் ஃபர்னஸ் ரிப்பேர் பார்த்ததைவிட, கதவுகளில் இருந்து வேட்டியும் துண்டும் தலையணை உறையும் பிடுங்கியதுதான் அதிகம். ஒரு வீட்டில் கல்யாணப் பட்டுப்புடவை வந்தது.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று ஸ்ரீராம், நித்யா வீடு. அவர் நியூயார்க் பாங்க் ஒன்றில் புரோகிராமர். நித்யா வீட்டில் இருந்தாள். இன்னும் ஒரு வயது நிறையாத பையன் இடுப்பில். ஃபர்னஸ் அடிக்கடி நின்றுபோகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். போனால் அதே வேட்டி, அதே மாவு. புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பினால், அந்தச் சூடு பட்டவுடன் கேஸை நிறுத்துவதற்கென்றே ஃபர்னஸில் ஒரு குட்டி ஸ்விட்ச் உண்டு. அதுதான் விழுந்து விழுந்து நிறுத்தியிருக்கிறது. அதாவது அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறது. வேட்டியைப் பிடுங்கி எறிந்து, ஸ்விட்சை மறுபடி அமுக்கிவிட்டு, பிளக்கில் மாட்டுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இன்றைக்கே வாங்குங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். ஸ்ரீராமுக்கு முகம் சுண்டிவிட்டது. "எரர் வருதுன்னா சிஸ்டம் சரியில்லைன்னு அர்த்தம். அதுக்கு யூசரை ஏங்க திட்டுறீங்க?" என்றார்.

சமத்துக் குழந்தை

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிரேமாக்கா வீட்டில் பாட்லக். நித்யா தனியாக வந்து, ஒரு மூலையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டு நினைப்பு என்றார் ஒருவர். கண்ணைச் செக் பண்ணு என்றார் இன்னொருவர். பிரேமாக்கா சுக்கு உரசிப் பற்றுப் போடச் சொன்னார். நான் பக்கத்தில் போனேன்.

"வீட்ல இருந்தா தலை வெடிக்குதுக்கா. வாந்தி வர மாதிரி இருக்கு. வெளியே வந்தா சரியாயிடுது. இங்க வந்ததும் பாருங்க, இப்பவே பரவால்ல."

கூட்டத்தில் குழந்தையைத் தேடினேன். "பையன் எங்கம்மா?"

"வீட்லதான். அவர் பாத்துக்கறார். அவன் ரொம்ப சமத்துக்கா. இப்பல்லாம் அழறதே இல்ல, எப்பப் பாரு தூக்கம்தான்." பெருமையாகச் சொன்னாள்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு ஸ்ரீராமுக்குப் போன் போட்டேன். ஃபர்னஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் குரல் தூக்கக் கலக்கத்தில் குழறியது. ஆனாலும் வெற்றிக் களிப்பு குறையவில்லை: "இப்ப நிக்கறதே இல்லைங்க. அந்த ஸ்விட்ச் சும்மா ஃபால்ஸ் எரர் குடுத்துட்டு இருந்துச்சு, நான் ஒரு ஒர்க்அரவுண்ட் போட்டுட்டேன்."

பார்க்கிங் லாட்டில்

குழந்தையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே போங்கள் என்று கத்தினேன். வெளியே ஸ்னோ இருக்கிறதே என்றார். அதற்கு மேல் பேச நேரமில்லை. ரகுவிடம் அவசர உதவிக்கு 911 கூப்பிடச் சொல்லிவிட்டு ஓடினேன். அடுத்த வரிசை வீடுதான். பின்னால் நித்யா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். கதவைத் திறந்த ஸ்ரீராம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தொட்டிலில் இருந்து பையனை எடுத்தேன். கை கால் துவண்டு தொங்கியது. தட்டினேன், கிள்ளினேன், கண் திறக்கவில்லை. அவனை என் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு பார்க்கிங் லாட்டுக்கு ஓடிவந்து பனியில் நின்றேன். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த கோபம் ஸ்ரீராம் மீது மட்டுமல்ல, பூப்போல இட்லி தின்ற அத்தனை பேர் மீதும்தான்.

ஃபயர் ட்ரக் வந்தது. உள்ளே போன வீரர்களின் விஷவாயு மீட்டர் வாசலிலேயே அலறியது. குழந்தை மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் அசைந்தன. தாயும் பிள்ளையும் ஆம்புலன்ஸில் போனார்கள். ஜன்னல்களைத் திறந்து விஷக் காற்று போன பிறகு நான் அந்தக் கதவைப் பார்த்தேன். இந்த முறை வேட்டி இல்லை, ஒரு முழு ரஜாய், பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை. அளவெடுத்து மடித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் கழற்றி, ஸ்விட்சே இல்லாத மாதிரி நேராக முறுக்கி இணைத்திருந்தார். அலாரம் வாங்கியிருந்தார், இல்லை என்று சொல்லக்கூடாது. ரைஸ் குக்கருக்குப் பிளக் வேண்டும் என்று அதைக் கழற்றி டிராயரில் வைத்திருந்தார்கள். கேஸை மூடி, யாரும் பற்றவைக்கக் கூடாது என்று சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு வெளியே வந்தேன். ஃபயர் ட்ரக் படியில் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த ஸ்ரீராம், என்னைக் கண்டதும் அதை விலக்கிக்கொண்டு கேட்டார்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஜன்னலைத் திறந்திருப்பேனே, ஏங்க இப்படி ஊரைக் கூட்டுறீங்க?"

புகார்

தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீடு திரும்பினார்கள். நான் போய்ப் புகைக் குழாயைச் சரிபார்த்து, ஒயர்களை முன்பு இருந்தபடி ஸ்விட்சில் மாட்டி, அறைக் கதவையே எடுத்துவிட்டு வெறும் கம்பி வலைக் கதவு போட்டுக் கொடுத்தேன். அதில் ரஜாய் என்ன, கைக்குட்டைகூட நிற்காது. பிரேமாக்கா அன்றிலிருந்து மாவை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் பற்றவைக்காமல் உள்ளே இருக்கும் லைட்டை மட்டும் போட்டுப் புளிக்க வைக்கிறார். அதையும் எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னார், தான் கண்டுபிடித்ததாக.

பத்து நாள் கழித்து ஸ்ரீராம் ஆபீசுக்குப் போன் பண்ணினார். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, நான் நாற்காலியில் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன். பின்னால் குழந்தை வீரிட்டு அழுவது கேட்டது. அடித்தொண்டையில் இருந்து வருகிற, வீடே இடிகிற மாதிரியான அழுகை. அதைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்ரீராமுக்கு அது காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல இருந்திருக்க வேண்டும். "நீங்க வந்து கதவை மாத்துனதுல இருந்து பையன் தூங்கவே மாட்டேங்கறாங்க, ஒரே ரகளை. குளிர் அடிக்குதோ என்னவோ, பழைய கதவையே திருப்பிப் போட்டுக் குடுத்துடறீங்களா?" என்றார்.

இந்தத் தொழிலில் நமக்குக் கிடைக்கிற ஒரே பாராட்டு, புகார் சொல்ல ஆட்கள் உயிரோடு இருப்பதுதான்.