நெருப்பைப் புடைக்கச் சொன்ன வசந்தா அக்கா

வசந்தா அக்கா காலமானார் என்று பாரிஸின் புறநகரான பொபினியிலிருந்து அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னார். "வலியில்லாம, தூக்கத்துலயே போயிட்டாங்க ஆன்ட்டி." அழுகை வந்தது, அதற்கு முன்பே ஒரு பெருமூச்சும் வந்தது. ஆறு மாதமாக நோயில் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான்.

அக்கா தஞ்சாவூர்க்காரர். 2009இல், ஐம்பது வயதில், பாரிஸில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தார். அமெரிக்கப் பழங்குடியினரான ஷோஷோனி மக்கள் வில்லோ என்ற மரத்தின் குச்சியில் முடையும் கூடைகளே அவருடைய ஆய்வு. ரூ பெர்தொனே என்ற தெருவில் நான் சமைக்கும் கடைக்குச் சாப்பிட வருவார். "ராணி, தண்ணி வைக்க, குழந்தையைத் தூக்க, கொட்டை வறுக்க, எல்லாத்துக்கும் கூடைதான்," என்பார் என்னிடம். கூடையில் வறுப்பதா? எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவருக்கோ அது சிரிப்பல்ல. அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு தட்டுக்கூடையின் உட்புறம் கருகியிருந்தது. தீ விபத்து என்றார் பேராசிரியர். இல்லை, பைன் கொட்டைகளைத் தணலோடு போட்டுப் புடைத்து வறுத்த அடையாளம் என்றார் அக்கா. நிரூபிக்காவிட்டால் பல வருட உழைப்பு வீண். ஷோஷோனிப் பெண் ஒருவர் முடைந்து அனுப்பிய ஒரே ஒரு தட்டுத்தான் கையில் இருந்தது. நான் சுளகு என்பதை அவர் முறம் என்பார்; ஆனால் பிடிக்கத் தெரியாது. புடைக்கத் தெரியாத தஞ்சாவூர்க்காரி உண்டா என்று கேலி செய்வேன்.

கடையின் பின்முற்றத்தில் கரி மூட்டினோம்.

"என்னாலை ஏலாது அக்கா. எரிஞ்சு போனால்?"

"எரிஞ்சா எரியட்டும். நீங்க புடைங்க," என்றார். முகம் வெளிறியிருந்தது.

தணலும் கொட்டையும் சேர்ந்து குதித்தன. தட்டு எரியவில்லை! அந்தப் புளுகத்தில், சந்தோஷத்தில், ஒரு கணம் கையை நிறுத்திவிட்டேன். புகை கிளம்பியது. உதறிக் கொட்டிப் பார்த்தால், விரல்நுனி அளவில் கருகல்.

"ஐயோ, பழுதாக்கிப் போட்டன்!" என்று அழுதேவிட்டேன்.

அக்கா அருங்காட்சியகக் கூடையின் படத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதிலும் அதே அளவில், அதேபோல் கருகல்கள்.

"பாருங்க ராணி, அந்தக் கூடையில வறுத்த அம்மாவுக்கும் கை ஒரு நொடி நின்னிருக்கு. விபத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. சமையல்!"

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு நடந்த நாளன்று, பல்கலைக்கழகத்திலிருந்து நேரே எங்கள் சமையலறைக்கு வந்தார். பட்டுச்சேலையோடு அரிசி மூட்டையில் பொத்தென்று உட்கார்ந்தார். "ஒத்துக்கிட்டாங்க ராணி. சோறு இருக்கா? ரெண்டு நாளா சாப்பிடல." மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பசியாறிய அந்த முகத்தோடுதான் உங்களை வழியனுப்புகிறேன் அக்கா. நோவும் முடிந்தது. ஆறுதலாகப் போய் வாருங்கள்.