குடாவில் நின்ற பெண்

லாட்ஜின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே இருக்கும் தகரக் கொட்டகைதான் லாட்ஜ் துணிகளைத் துவைக்கும் அவளுடைய ராஜ்யம். எல்லா அறைகளின் படுக்கை விரிப்பும் துண்டும் அங்கேதான் வந்து சேரும். துண்டை ஒரு உதறு உதறினால் போதும், அந்த அறைக்காரர் நேற்று எங்கே போனார் என்று சொல்லிவிடுவாள். கறுப்பாகக் கொட்டினால் ஊர்க் கடற்கரை. மாவு மாதிரி வெளுப்பாக ஒட்டிக்கொண்டு, உதறினாலும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால் அது ஊருக்கு வெளியே பாறைகளுக்கு நடுவே இருக்கும் குடாவின் மணல்.

அந்த மணலோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியவள் குடாவைப் பார்த்ததில்லை.

தினமும் காலையில் லாட்ஜ் வாசலில் பயணிகளை ஏற்றிக்கொண்டு குடாவுக்குப் போகும் வேனை ஓட்டுபவர் அவளுடைய கணவர்தான் என்பது இதில் வேடிக்கை. வாய் ஓயாமல் பேசுவதால் ஊரில் அவருக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். அவள் ஏன் ஒரு நாளும் அந்த வேனில் ஏறவில்லை என்றால், காரணம் சப்பென்றுதான் இருக்கும். பயணிகள் வெளியே கிளம்பினால்தான் அழுக்குத் துணி கொட்டகைக்கு வரும். வேன் புறப்படும் நேரமும் அவள் தொட்டியில் தண்ணீர் திறக்கும் நேரமும் ஒன்று. மழைக்காலத்தில் லாட்ஜ் காலியாகும். ஆனால் குடாவுக்குப் போகும் மண்சாலையும் அப்போது சேறாகி மூடிவிடும். "அங்க என்ன இருக்கு? வெறும் தண்ணி" என்பார் அவர். நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்பவளுக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: இடக்கை அக்கா. விரிப்பைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் திருக வேண்டும். இவள் இடக்கைக்காரி, உலகத்துக்கு எதிர்ப்பக்கம் திருகுவாள். புதிதாக வருபவர்கள் மறுமுனையைப் பிடித்தால் விரிப்பு ராட்டினம் மாதிரி சும்மா சுற்றும், சொட்டுத் தண்ணீர் இறங்காது. கூட வேலை செய்யும் பெண் சோடா - எதற்கெடுத்தாலும் பொங்குவதால் அந்தப் பெயர் - மாசக்கணக்கில் திட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில் தன் கையை மாற்றிக்கொண்டாள். பிழிந்ததும் துணியைக் காற்றில் இரண்டு முறை 'பட், பட்' என்று அடிப்பதும் இடக்கை அக்காவின் வழக்கம். அந்தச் சத்தம் வரவேற்பறை வரைக்கும் கேட்கும்.

ஒரு நாள் மாடி அறையில் தங்கியிருந்த ஒரு அம்மாள் துண்டு கேட்டுக் கொட்டகைக்கே வந்தார்.

"நீங்கதானா வேன் டிரைவரோட சம்சாரம்?"

"ஆமாங்க."

"உங்கள அந்தக் குடாவுல முதல்ல பாத்த கதையச் சொன்னாரு. பாறைக்குப் பக்கத்துல கணுக்கால் தண்ணியில நின்னீங்களாமே! எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

இவள் சிரித்துத் தலையாட்டித் துண்டைக் கொடுத்தனுப்பினாள். அந்த அம்மாள் படியேறியதும் கையிலிருந்த சோப்பு நழுவித் தொட்டியில் விழுந்தது.

கணவர் இவளை முதலில் பார்த்தது இந்தக் கொட்டகையில். சட்டையில் கிரீஸ் கறையோடு வந்தார். போகாது என்றாள். மறுவாரம் இன்னொரு சட்டை, இன்னொரு கறை. கறையைத் தானே பூசிக்கொண்டு வருகிறார் என்று கண்டுபிடித்தபோது கல்யாணமே நிச்சயமாகியிருந்தது.

அப்படியென்றால் குடாவில் நின்றவள் யார்?

சோடாவிடம் சொன்னபோது அவள் வழக்கம்போலப் பொங்கினாள். "முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்காரு அக்கா! இன்னிக்கே பிடிச்சு உலுக்குங்க!"

"உலுக்கினா இன்னொரு கதை சொல்வாரு. வாய்க்கா பஞ்சம்? நாளைக்கு என் பங்குத் துணியையும் சேத்துத் துவைச்சுக்கோ. நான் நேர்ல போய்க் கேக்கறேன்."

மறுநாள் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, பயணிகளோடு பயணியாக, வேனின் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தாள். லவுட்ஸ்பீக்கர் கதவைச் சாத்த வந்தவர் அப்படியே நின்றார்.

"இங்க என்ன பண்ற?" என்றார், வாய்க்குள்ளேயே.

"குடாவுக்குப் போறேன். வெறும் தண்ணியாமே, பாக்கணும்."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி அவர் போய் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். வழியெல்லாம் பேச்சே இல்லை. வருடா வருடம் வரும் ஒரு வழுக்கைத்தலைக்காரர், மனைவியோடு முன்னால் இருந்தவர், பொறுக்க முடியாமல் கேட்டார்: "என்னப்பா, லவுட்ஸ்பீக்கர் ஃப்யூஸ் போயிடுச்சா?"

"தொண்டை கட்டியிருக்கு சார்."

மண்சாலை முடிந்து வேன் நின்றது. இஞ்சின் அடங்கியதும் காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. தென்னைகளுக்கு அந்தப் பக்கம், இரண்டு பாறைக் கைகள் அணைத்துப் பிடித்த தண்ணீர். தொட்டியில் நீலம் போடும்போது முதல் சொட்டு விரியுமே, அந்த நிறம். சண்டைக்கு வந்ததைக் கொஞ்ச நேரம் மறந்து நின்றாள்.

"அந்தக் கதையச் சொல்லுப்பா" என்றார் வழுக்கைத்தலைக்காரர். "என் சம்சாரம் அதைக் கேக்கத்தான் வந்திருக்கா."

"அது பழசு சார்..."

"சொல்லுங்க" என்றாள் இவள். "நானும் கேட்டதில்ல."

லவுட்ஸ்பீக்கர் இவளையும் பயணிகளையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வழியில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அந்தப் பாறைகிட்டதாங்க. செருப்பக் கையில பிடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நின்னா. சின்ன அலை வந்து பாவாடைய நனைச்சிடுச்சு. அலையைத் திட்டினா. யாரோ வேலைக்காரன் தப்புப் பண்ண மாதிரி திட்டினா."

யார் அவள்? எந்த ஊர்க்காரி? இவள் துண்டின் ஓரத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"அப்புறம் ஓரத்தைச் சுருட்டிப் பிழிஞ்சா. நாமெல்லாம் பிழியுற பக்கம் இல்லங்க, எதிர்ப்பக்கம். பிழிஞ்சு ரெண்டு தடவ உதறினா பாருங்க, பட் பட்னு, பாறையில மோதி எதிரொலிச்சுது. திரும்பிப் பாத்தேன். அதுக்கப்புறம் கண்ணு வேற எங்கயும் போகல."

துண்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. மற்றவர்கள் தண்ணீர்ப் பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க இப்படி?"

"பயணிங்க கேப்பாங்க, உங்க சம்சாரம் இதையெல்லாம் பாத்திருக்காங்களான்னு. தினம் ஊரையே கூட்டிட்டு வர்றவன், பொண்டாட்டி பாத்ததில்லன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? வந்திருக்கான்னு சொன்னேன். எப்பன்னு கேட்டாங்க. அப்படியே வளந்துடுச்சு."

"பொய்ய இவ்வளவு வளக்கத் தெரிஞ்சுது. கூப்பிடத் தெரியலயா?"

லவுட்ஸ்பீக்கர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

இத்தனை வருடமும் ஊர்பேர் தெரியாதவர்களெல்லாம் தன்னை இங்கே பார்த்துவிட்டார்கள், தான்தான் பார்க்கவில்லை என்று நினைக்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. அதை அவருக்குக் காட்டவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் நடந்தாள். தண்ணீர் கொட்டகைத் தண்ணீர் மாதிரி இல்லை. வெதுவெதுப்பாக, சோப்பு வழுக்காமல், காலை விட்டுவிட்டுப் பிடித்தது. சின்ன அலை ஒன்று வந்து பாவாடை ஓரத்தை நனைத்தது.

"அட சனியனே!" என்றாள். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. ஓரத்தைச் சுருட்டிப் பிழிந்து இரண்டு முறை உதறினாள்.

வழுக்கைத்தலைக்காரரின் மனைவி அலறினார். "ஐயோ, அது இவங்கதான்! முதல்லயே சொல்லக் கூடாதா? மறுபடியும் அதே இடத்துக்கு வந்திருக்கீங்களா?"

இவள் கரையில் நின்ற மனிதரைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு சொல்ற கதையில அடிக்கடி வந்துட்டுப் போவேங்க" என்றாள். "என் கால்ல வர்றது இதுதான் முதல் தடவ."

அடுத்த நாள் கொட்டகையில் சோடா ஒரு பாவாடையைத் தூக்கி உதறினாள். வெளுப்பாக மணல் ஒட்டியிருந்தது.

"குடா மண்ணு. எந்த ரூமு அக்கா இது?"

"என்னுது. பிடி அந்த முனைய."

வாசலில் வேனின் ஹார்ன் அடித்தது. ஒரு முறை அடித்து, நின்று, மறுபடியும் அடித்தது. லவுட்ஸ்பீக்கர் ஜன்னல் வழியாகக் கத்துவது பின்பக்கம் வரை கேட்டது: "ஒரு சீட்டு காலியா இருக்கு!"

"துணி கெடக்கு!" என்று இவளும் கத்தினாள். "நாளைக்குப் பிடிச்சு வைங்க!"