ஆறாத சிரங்கு

கொள்ளிடத்து வெள்ளம் வடிந்த பத்தாம் நாள், குமராட்சியை அடுத்த ஒரு சிற்றூரில் பால்வாடி மறுபடி திறந்தது. டீச்சர் இருசம்மாளுக்கு அங்கே இருபத்திரண்டு வருட சர்வீஸ். பள்ளிக்கூட முகாமில் ஒரு வாரம் நெருக்கியடித்துப் படுத்திருந்த பிள்ளைகளில் பாதிப் பேர் சொறிந்துகொண்டே வந்தார்கள். நான்கு வயதுச் சிறுமி அறிவுமதிக்குத்தான் ரொம்ப மோசம். விரலிடுக்கெல்லாம் அரிப்பு, சொறிந்த இடமெல்லாம் சீழ் கோத்த சிரங்கு.

“அந்தப் புள்ளைய எம்புள்ளகூட உக்கார வைக்காதீங்க டீச்சர், ஒட்டிக்கும்” என்று இரண்டு தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். இருசம்மாள் அறிவுமதியின் அம்மா மாலதியைக் கூப்பிட்டாள்.

“ஆறுன பொறவு கூட்டியாம்மா.”

மாலதி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பினாள். ஆஸ்பத்திரியில் காட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெள்ளச் சேதத்துக்குப் பெயர் எழுதும் அவசரத்தில் இருசம்மாள் அதைச் சொல்லவில்லை.

மாலதி மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கிப் பூசினாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவினாள். அரிப்பு கொஞ்சம் அடங்கியது. சிரங்கு மட்டும் ஒரு பக்கம் காய, மறுபக்கம் கிளம்பியது.

மூன்று வாரம் கழித்துக் குழாயடியில் இருவரையும் இருசம்மாள் பார்த்தாள். குழந்தையின் கன்னம் உப்பி, கண் இடுங்கியிருந்தது.

“பரவால்லியே, புள்ள சதை போட்டிருக்கே!” என்று கன்னத்தைத் தட்டினாள். மாலதிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மறுநாள் குழந்தைக்கு மூத்திரம் டிக்காஷன் நிறத்தில் போனது. அதற்கடுத்த நாள் காலையில் வலிப்பு. அப்பா சேரன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் சிதம்பரத்துக்கு விரைந்தான். டாக்டர்கள் இரண்டு நாள் போராடிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அறிவுமதி போய்விட்டாள்.

சேதி கேட்டு ஓடிவந்த இருசம்மாளிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னார்: “சிரங்குல இருந்த கிருமியால கிட்னி கெட்டுப்போச்சும்மா. மொகத்துல இருந்தது நீர். அப்பவே வந்திருந்தா அனேகமா காப்பாத்தியிருக்கலாம்.”



காரியம் முடிந்த பிறகு இருசம்மாள் மாலதியிடம் போய், “நாந்தான் தொரத்துனேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லல. மன்னிச்சிரு தாயி” என்று அழுதாள்.

மாலதி அழவில்லை. “சதை போட்டிருக்குன்னு நீங்க சொன்னப்ப எனக்கு எம்மாஞ் சந்தோஷம் தெரியுமா டீச்சர்? வூட்டுக்குப் போயி சுத்திப் போட்டேன்” என்றாள்.



அந்த வாரமே இருசம்மாள் சீழ் வைத்த பிள்ளைகள் ஒன்பது பேரையும் மினிபஸ்ஸில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். புண்ணுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அரிப்புக்கு லோஷன், வீட்டில் அத்தனை பேரும் ஒரே நாளில் உடம்பு முழுக்கப் பூசி மறுநாள் குளிக்க வேண்டும், துணிமணியை வெந்நீரில் அலச வேண்டும், ஒரு வாரம் விட்டு இன்னொரு தடவை பூச வேண்டும் என்றார் நர்ஸ்.

“எனக்குத்தான் அரிப்பே இல்லியே, எதுக்கு?” என்று கேட்டவர்களிடமெல்லாம் இருசம்மாள் மன்றாடினாள். புண் ஆறிவிட்டதென்று பாதியில் மாத்திரையை நிறுத்தியவர்களைத் தேடிப்போய்த் திட்டினாள். முகம் வீங்கினால் ஒரு நிமிஷம் தாமதிக்காதீர்கள் என்று கதவுக்குக் கதவு சொன்னாள்.

லோஷன் ஆளுக்கு ஒரு பாட்டில். வீடு வீடாக, “எத்தினி பேரு?” என்று கேட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தவள், மாலதி வாசலில் மட்டும் கேட்காமல் நின்றாள்.

மாலதி வெளியே வந்து கையை நீட்டினாள்.

“ரெண்டு பேரு டீச்சர்.”