நுனி ஒடிந்த வெண்டைக்காய்

பிழைக்க வந்த நாட்டில், ஒடாஹுஹு என்ற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கார் நிறுத்துமிடத்தில் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் காய்கறிக் கடை போட்டு ஆறு வருஷமாகிறது. விடிவதற்குள் மேசையை விரித்து, கூடாரத்தை நிறுத்தி, மழையோ வெயிலோ நின்று விற்று, மத்தியானம் மிச்சத்தை வேனில் ஏற்ற வேண்டும். மற்ற நாட்களில் முதியோர் இல்லத்தில் வேலை. அலுத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

இதில் வெண்டைக்காய் தனி உபத்திரவம். மற்றவர்கள் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். நம்மவர்கள்தான் ஒவ்வொன்றாக எடுத்து நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். பட்டென்று ஒடிந்தால் பிஞ்சு. ஒடியாததை, நசுங்கிய நுனியோடு திரும்பப் போட்டுவிடுவார்கள். பத்து மணிக்குள் அது கறுத்துவிடும், யாரும் தொடமாட்டார்கள். வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அதே குழம்பு.

ஒரு வாரம் பொறுமை போய், அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன்: ‘நுனியை ஒடிக்காதீர்கள்.’ தமிழில் மட்டும். மற்றவர்களுக்குத் தேவையில்லையே.

வாடிக்கையாக வரும் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி அதை வாசித்தார். கையில் இருந்த காயைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. வாராவாரம் வந்ததும், “சாப்பிட்டியோ பிள்ளை?” என்று கேட்பவர் அவர். “ஆச்சு ஆன்ட்டி” என்பேன். வாரத்தில் வேறு யாரும் என்னை அதைக் கேட்பதில்லை. வீட்டில் பிள்ளைகள், இன்று என்ன சமையல் என்று இங்கிலீஷில் கேட்பதோடு சரி.

மூன்று வாரம் அவர் வரவில்லை. தினமும் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அட்டையைக் கழற்ற வீம்பு விடவில்லை.

நான்காவது வாரம் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“அரைக் கிலோ வெண்டிக்காய். நீயே பாத்துப் போடு, நான் தொடமாட்டன்.”

“என்ன ஆன்ட்டி, ஆளையே காணோம்?”

“கால் ஏலாமக் கிடந்தது.”

பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் குனிந்து பொறுக்க ஆரம்பித்தேன். பை பாதி நிறைந்த பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொன்றின் நுனியையும் ஒடித்துப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆன்ட்டியும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். சிரிக்கவில்லை. “அது முத்தல், வேண்டாம்” என்றார். பிறகு, “சாப்பிட்டியோ பிள்ளை?”

“இல்லை ஆன்ட்டி” என்றேன். ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன்.